மெஷின் இருந்த இரண்டு நாள்

அந்த மெஷின் பெரிய டிபன் டப்பா அளவுதான் இருக்கும். வெள்ளை நிறம். மேலே சின்னக் கண்ணாடி, அதில் எண்கள் ஓடும். பக்கத்தில் காதை வைத்தால் எங்கோ தூரத்தில் மாவு மில் ஓடுவது போலச் சத்தம் கேட்கும். புரட்டாசி மாதம் அது இரண்டு நாள் என் வீட்டில் இருந்தது. அந்த இரண்டு நாளில் நான் என்ன செய்தேன் என்பதை ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமும் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து. பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுலபம், எதிரில் முகம் இருக்காது.

நான் மல்லாட்டை வறுத்து விற்கிறவள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். வீட்டுக்காரர் இறந்த நாளிலிருந்து அதுதான் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் ஓட்டோடு சேர்ந்தாற்போல ஒரு சாய்ப்பு. அதில் மூன்று கல் அடுப்பு, இரும்புச் சட்டி, சட்டி நிறைய மணல். வேலிகாத்தான் முள்ளும் மல்லாட்டைத் தொலியும்தான் எரிக்க. விடியும்போதே மூட்டினால் பத்து மணி வரைக்கும் எரியும். தொலிப் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பழகிவிட்டது. மத்தியானம் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ச் செஞ்சிக் கோட்டைக்கு ஏறுகிறவர்கள் சீட்டு வாங்குகிற இடத்துக்கு எதிரே உட்காருவேன். கூவி விற்க எனக்கு வராது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து ஒரு பாதியை வாடகைக்கு விட்டிருந்தேன். சுவர் ஆள் உயரம்தான். அதற்கு மேலே ஓடு வரைக்கும் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். அப்படியென்றால் இந்தப் பக்கத்துப் புகை அந்தப் பக்கம் போகாதா என்று ஒருநாளும் நான் யோசித்துப் பார்த்ததில்லை.

குடியிருந்தது ஒரு சின்னப் பெண். செருப்புக் கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குத் தெருமுனைக்கு வேன் வரும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும். புருஷன் ஓசூர்ப் பக்கம் பொக்லைன் ஓட்டினான், மாதத்துக்கு ஒரு தரம் வருவான். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னிடம்தான். லீவு நாளில் முழுக்க என்னிடம்தான். என்னை மல்லாட்ட ஆயா என்று கூப்பிடுவாள்.

"மல்லாட்ட ஆயா, ஒனக்குத்தான் பல்லே இல்லியே. நீ எப்டி மல்லாட்ட துன்னுவ?"

"நான் வறுக்கறவ கண்ணு, துன்றவ இல்ல."

"அப்ப யாரு துன்றது?"

"நீதான். கூட பாதி நீயே காலி பண்ணிட்டா நான் எத விக்கறது?"

"என்ன வித்துடு," என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். சிரிப்பு முடிகிற இடத்தில் இருமல் வந்துவிடும்.

இருமல் மட்டும் என்றால் பரவாயில்லை. இழுப்பு. நெஞ்சில் கையை வைத்தால் உள்ளே பூனைக்குட்டி உறுமுகிற மாதிரி இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கழுத்துக் குழி பள்ளமாகும். மற்றப் பிள்ளைகள் நொண்டி ஆடும்போது இவள் வாசற்படியில் உட்கார்ந்து யார் கோட்டை மிதித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வேன் சத்தம் கேட்டால் மற்றக் குழந்தைகள் அம்மாவைப் பார்க்கத் தெருமுனைக்கு ஓடுவார்கள். இவள் படியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டுவாள். அவளுடைய அம்மா நடந்து வருவதற்குள் இவள் பத்துத் தரம் கையை ஆட்டியிருப்பாள்.

ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போனதில், மூச்சு நோய் வந்த குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இவள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வருவாள். மண்டகப்பட்டுப் பக்கத்துப் பெண். கழுத்தில் அட்டை தொங்கும். முதல் நாள் வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் நேராகச் சாய்ப்புக்கே வந்து மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் கலெக்டர் இல்லம்மா. எங்கம்மாவும் கழனிக்குப் போறவங்கதான்," என்றாள். "பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடத்துல கண்ணாடிக் குழாய்ல வெச்சிப் பாத்து, எலிக்குக் குடுத்துப் பாத்து, இதனாலதான் மூச்சுக் கொழா சுருங்குதுன்னு கண்டுபிடிச்சி வெச்சிருக்காங்க. ஆனா எலி எங்க இருக்குது, நம்ம புள்ளைங்க எங்க இருக்குது? அங்க கண்டது இங்க இந்த வூட்டுக்கு ஆவுதா, இந்த அடுப்புக்கு ஆவுதான்னு பாத்தாத்தானே மருந்தும் சரியா குடுக்க முடியும்? அதுக்குத்தான் நான் தெருத் தெருவா சுத்தறேன்."

குழந்தையின் மூக்கில் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு எடுத்துச் சின்னக் குழாயில் போட்டு, ஐஸ் வைத்த பெட்டிக்குள் அடுக்கினாள். குழந்தைக்கு ஆச்சரியம்.

"அக்கா, என் சளிய எங்க எடுத்துனு போற?"

"மெட்ராசுக்கு."

"நானே மெட்ராசுக்குப் போனதில்ல. என் சளி போவுதா!"

ஊதுகிற குழாய் ஒன்றும் கொடுத்தாள். மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினால் முள் மேலே ஏறும். கூடவே ஒரு நோட்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, வரியில் கட்டம் கட்டமாக இருமல், இழுப்பு, தூக்கத்தில் விழிப்பு. இருந்தால் 'ஆம்', இல்லை என்றால் 'இல்லை' எழுத வேண்டும். அம்மாக்காரிக்கு நேரம் இல்லாததால் நான்தான் எழுதினேன். அடுத்த வாரம் வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கு வர்ற நோட்டுலியே இதாம்மா சுத்தமா இருக்குது," என்றாள் அந்தப் பெண். என் எழுத்தைப் பற்றி ஒருத்தர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தரம். அன்றைக்கு அவளுக்கு இரண்டு பொட்டலம் மல்லாட்டை கொடுத்தனுப்பினேன்.

அப்புறம்தான் அந்த மெஷின் வந்தது. காலாண்டு லீவு நேரம். வீட்டுக் காற்றில் எவ்வளவு புகை இருக்கிறது என்று அது கணக்கெடுக்குமாம். நடுச்சுவர் மேல், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, அந்தப் பெண் ஸ்டூல் போட்டு ஏறி வைத்தாள்.

"ரெண்டு நாள் இருக்கட்டும்மா. ரொம்ப ஒசத்தியான மெஷின், வெளிநாட்லேர்ந்து வந்தது. பாப்பா கை படாம பாத்துக்குங்க. மத்தபடி இதுக்காக நீங்க ஒண்ணும் செய்ய வாணாம். எப்பவும் போல இருங்க."

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன்.

எங்கள் வீடுகளுக்கு யார் வந்தாலும் இதைத்தானே சொல்வார்கள். எங்களுக்காக ஒன்றும் செய்யாதீர்கள், எப்போதும் போல இருங்கள் என்று சொல்லாத விருந்தாளி உண்டா? அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே சும்மா இருந்துவிடுகிற வீடு உண்டா? எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் நாத்தனாரின் மாமியார் வீட்டார் வந்து இதே வார்த்தையைச் சொன்னார்கள். நான் சின்னப் பெண், நிஜம் என்று நம்பி எப்போதும் போலக் கூழும் வெங்காயமும் வைத்தேன். அதை அவர்கள் மூன்று வருஷம் சொல்லிக் காட்டினார்கள். அன்றிலிருந்து யாராவது 'எப்பவும் போல' என்றால், எப்போதும் போல இருக்கக் கூடாது என்றுதான் எனக்கு அர்த்தம்.

அந்தப் பெண் ஸ்கூட்டியை எடுத்ததும் நான் துடைப்பத்தை எடுத்தேன். ஓட்டில் தொங்கிய புகை ஒட்டடை முழுவதையும் அடித்தேன். கூடத்தைக் கழுவினேன். சாய்ப்பில் சாம்பலை வாரிக் கொட்டி, அடுப்பை மண் பூசி மெழுகி, மேலே ஒரு கோலமும் போட்டேன். இரண்டு நாளும் அடுப்பை மூட்டவில்லை. சோறு காஸ் அடுப்பில் பொங்கினேன். வெளிநாட்டிலிருந்து வந்த பொருளின் மேல் தொலிப் புகை படிந்து கறுத்தால் அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்றுதான் எனக்கு இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினுக்குக் கீழே சுவரில் குங்குமமும் வைத்தேன்.

குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆயா, அது சாமியா?"

"சாமி இல்ல கண்ணு. விருந்தாளி."

"அப்ப சோறு போடலியா?"

"அது சோறு துன்னாது. காத்துதான் துன்னும்."

"அப்ப நல்ல காத்தாப் போடு, ஆயா," என்றாள்.

அந்த இரண்டு நாளும் சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து தொலி புடைத்துக்கொண்டிருந்தேன். வேன் சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை எழுந்தாள். தெருமுனை வரைக்கும் ஓடினாள். இரண்டாம் நாளும் ஓடினாள். அம்மாக்காரி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"இன்னா அத்த, ரெண்டு நாளா ஏவாரம் இல்லியா? சட்டி சத்தமே கேக்கல," என்று என்னைக் கேட்டாள்.

"முட்டி வலிம்மா," என்றேன். மெஷினுக்காக வேலையை நிறுத்தினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மெஷினை எடுக்க வந்தபோது அந்தப் பெண்ணோடு டாக்டரும் வந்திருந்தார். உயரமான மனிதர், நிலைப்படியில் குனிந்து நுழைந்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். குங்குமத்தைப் பார்த்து, "மெஷினுக்குப் பலமான மரியாதைதான்," என்று சிரித்தார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள். "ரெண்டு நாளும் அடுப்பு எப்பவும் போல எரிச்சீங்களாம்மா?"

இல்லை என்று சொன்னால் அவர் அவளைத் திட்டுவார் என்று தோன்றியது. சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லையா, வீணாகப் போயிற்றே, என்பார். என்னால் அவளுக்குப் பேச்சு விழ வேண்டாம். அந்நிய ஆண் ஒருவர் நிற்கும்போது எனக்கு வார்த்தையும் வராது. தலையை ஆட்டினேன். 'ஆம்' என்று அவள் எழுதிக்கொண்டாள். அவர்கள் போனதும் அடுப்பை மூட்டினேன்.

ஐப்பசியில் முடிவு வந்தது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் புகை அதிகமாம். அந்த வீடுகளுக்கு அடுப்புக்கு மேலே தகரப் புகைபோக்கி வைத்தார்கள். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த திறப்பைப் பலகை அடித்து மூடினார்கள். எங்கள் வீட்டில் புகை குறைவு, அடுப்பு சாய்ப்பில் இருப்பதால் எல்லாம் வெளியே போய்விடுகிறது போலிருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

அம்மாக்காரி கம்பெனியிலிருந்து வந்ததும் என்னிடம் சொன்னாள். "நம்மூட்டுக்கு இல்லியாம் அத்த. நம்ம வூடுதான் சுத்தமாம்!"

எனக்கும் பெருமையாக இருந்தது. இந்த வரியை எழுதத்தான் கை வர மாட்டேன் என்கிறது. இருந்தாலும் உண்மை அதுதான். பெருமையாக இருந்தது. மறுநாள் விடியும்போது எப்போதும் போல அடுப்பை மூட்டினேன்.

புகை இல்லை என்று ஆன பிறகு டாக்டர்கள் வேறு வேறு காரணம் தேடினார்கள். பாயை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். தலையணைப் பஞ்சு ஆகாது என்றார்கள், எடுத்துப் போட்டோம். அம்மாக்காரி வளர்த்த இரண்டு கோழியையும் யாருக்கோ கொடுத்தாள். குழந்தை ஒருநாள் முழுக்கக் கோழிக்காக அழுதாள், அழுததில் இழுப்பு வந்தது. மூச்சு மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பிளாஸ்டிக் குடுவையின் ஒரு முனையில் முகமூடி, மறு முனையில் மருந்து. அழுத்திவிட்டுப் பத்து மூச்சு எண்ண வேண்டும். நான்தான் எண்ணுவேன். ஐந்துக்கு மேல் அவளே முகமூடிக்குள்ளிருந்து விரலால் எண்ணிக் காட்டுவாள். நோட்டில் 'ஆம்' 'ஆம்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். சுத்தமாக எழுதினேன்.

மார்கழி வந்தது. அரையாண்டு லீவு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டமெல்லாம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கி ஏறும். அன்றைக்கு எனக்கு இரண்டு மடங்கு விற்கும். அதனால் அமாவாசைக் காலையில் இரண்டு மடங்கு வறுத்தேன். பனியில் விறகு நமத்திருந்தது. புகை மேலே போகாமல் சாய்ப்பிலேயே சுற்றியது. தொலியைப் போட்டுப் போட்டு ஊதினேன்.

ஒன்பது மணி இருக்கும். குழந்தை சாய்ப்பு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கின. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"ஆயா... மூச்சு... உள்ள போவ மாட்டேங்குது."

கரண்டியைப் போட்டுவிட்டுத் தூக்கினேன். குடுவையை முகத்தில் வைத்து மருந்தை அழுத்தினேன். பத்து எண்ணினேன். மறுபடி அழுத்தினேன். விரலை மடக்கிக் காட்டுகிறாளா என்று பார்த்தேன். கை தொங்கியது. எதிர்வீட்டு ஆட்டோக்காரனை, எந்நாளும் பேர் சொல்லிக் கூப்பிடாதவள், தெருவில் நின்று கத்திக் கூப்பிட்டேன். அவன் சட்டைகூடப் போடாமல் வண்டியை எடுத்தான்.

ஆட்டோவில் என் மடியில் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள். ஏதோ சொன்னாள். குனிந்து காதை வைத்தேன்.

"சட்டி... தீயுது... போய்க் கிண்டு."

என்னிடம் அவள் பேசியது அதுதான் கடைசி.

செஞ்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மாக்காரி கம்பெனித் துணியோடு, கையில் பசை காய்ந்தபடி அங்கே வந்து சேர்ந்தாள். குறை சொல்லக் கூடாது, அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பாடுபட்டார்கள். மறுநாள் காலை காப்பி விற்கிறவன் வருகிற நேரத்தில் குழந்தை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து நான் சாய்ப்புக்குள் போனபோது சட்டியில் மணலும் மல்லாட்டையும் கரியாகிக் கட்டிக் கிடந்தது. யாரோ அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். அதற்கப்புறம் நான் அதை மூட்டவில்லை.

தை பிறந்ததும், புருஷன் ஓசூர் வேலைக்குத் திரும்பிவிட, அம்மாக்காரி வீட்டைக் காலி செய்துகொண்டு சீயமங்கலத்துக்கு, அவளுடைய தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மேல நீதான் அவள பாத்துக்கின, அத்த," என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஊதுகிற குழாயை மாடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

மாசியில் அந்த ஸ்கூட்டிப் பெண் நோட்டை வாங்கிப் போக வந்தாள். வழக்கம் போலச் சாய்ப்பில் மணை போட்டு உட்கார்ந்தாள். நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"டாக்டர் தெனமும் உங்க வூட்டுக் காயிதத்த எடுத்து எடுத்துப் பாக்கறாரும்மா. மத்த எல்லா வூட்லயும் புகைக்கும் புள்ளைங்க மூச்சுக்கும் ஏறக்கொறைய ஒத்துப்போவுது. இந்த ஒரு வூட்ல மட்டும் புகையே இல்ல, ஆனா பாப்பாவோட மூக்குல எடுத்தத மெட்ராஸ்ல பாத்தா புகை பட்ட அடையாளம் அவ்ளோ இருக்குதாம். எப்டின்னு தெரியல. நாங்க தப்பா தேடிட்டோமோன்னு அவரு தூங்கறதே இல்ல."

யாரோ ஒரு டாக்டர், தான் தப்புச் செய்துவிட்டோமோ என்று தூங்காமல் இருக்கிறார். நான் இங்கே தூங்காமல் இருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

"நான் அடுப்பு மூட்டல."

"எப்பம்மா?"

"மெஷின் இருந்தப்ப. ரெண்டு நாளும் மூட்டல. ஒட்டட அடிச்சி, மெழுகி வெச்சிட்டேன். மெஷின் கறுத்துடும்னு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார் மாமியார் வீட்டார் கதை வரைக்கும் சொன்னேன். அவள் நோட்டைத் திறந்து பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனாள். புரட்டாசியில் வந்து நின்றாள். விரலை ஓரிடத்தில் வைத்தாள். என் பக்கம் திருப்பினாள்.

மேலே எல்லாம் 'ஆம்'. கீழே எல்லாம் 'ஆம்'. நடுவில் இரண்டே இரண்டு வரி. இருமல், இல்லை. இழுப்பு, இல்லை. விழிப்பு, இல்லை. அதே மாதிரி அடுத்த நாளும். என் கையெழுத்து, சுத்தமாக.

நானே எழுதினேன். எழுதி மூடி வைத்தேன். ஒவ்வொரு நாளையும் எழுதத்தான் எனக்குத் தெரிந்தது, எழுதினதைச் சேர்த்துப் படிக்கத் தெரியவில்லை. அந்தப் பெண்ணும் அதே பக்கத்தை எத்தனையோ தரம் பார்த்தவள்தான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைக்கலாமா என்று நினைத்து, வைக்காமல் விட்டேன்.

பத்து நாள் கழித்து டாக்டரும் அவளும் மெஷினோடு வந்தார்கள். இந்தத் தரம் அவர் கூடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. நாங்க கேட்ட முறைதான் சரியில்ல. நீங்க சொன்ன பிறகு மத்த வீடுகள்லயும் போய் விசாரிச்சோம்," என்றார். ஒரு வீட்டில் இரண்டு நாளும் ஓட்டலில் இட்லி வாங்கித் தின்றார்களாம். இன்னொரு வீட்டில் மெஷினுக்கு ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்களாம். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். இனிமேல் மெஷினை ஒரு வாரம் சும்மா வைத்துவிடப் போகிறார்களாம். விருந்தாளி பழகி வீட்டு ஆளான பிறகுதான் கணக்கெடுப்பார்களாம். வீட்டில் எழுதி வருகிற நோட்டையும் அந்த நாட்களோடு சேர்த்து வைத்துப் படிப்பார்களாம்.

"ஒருதரம் மட்டும் மூட்ட முடியுமாம்மா? அமாவாசை அன்னிக்கு மூட்டினது மாதிரியே," என்று அந்தப் பெண் கேட்டாள்.

கட்டிக்கிடந்த மணலைக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டேன். முள்ளை ஒடித்து வைத்தேன். தொலி போட்டு ஊதினேன். சட்டியில் இரண்டு மடங்கு மல்லாட்டை போட்டுக் கிண்டினேன். புகை சாய்ப்பில் சுற்றி, நிலைப்படி வழியாகக் கூடத்துக்குப் போய், சுவருக்கு மேலே ஏறி, அந்தப் பக்கத்துக்குள் இறங்கியது. நடந்து போகிற ஆள் மாதிரி, வழி தெரிந்து போயிற்று. அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். மெஷின் கண்ணாடியில் எண் ஏறிக்கொண்டே போனது. எனக்கு எண் படிக்கத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அவர்கள் போன பிறகு கடப்பாரையால் அடுப்பை இடித்தேன். வறுத்ததை யாருக்கும் கொடுக்காமல் குப்பையில் கொட்டினேன்.

சொல்ல வேண்டியவள் ஒருத்தி பாக்கி இருந்தாள். அவளிடம் சொல்லத் தைரியம் வரப் பங்குனி ஆகிவிட்டது. சீயமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு பை மல்லாட்டை எடுத்துப் போவேன், இந்தத் தரம் வெறும் கையோடு போனேன். அவள் வீட்டில் இல்லை. கழனியில் மல்லாட்டை பிடுங்குகிறார்கள், அங்கே ஆய்ந்துகொண்டிருக்கிறாள் என்றார்கள்.

புங்க மரத்தடியில் ஐந்தாறு பெண்கள் செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் தனியாக ஒரு குவியலுக்கு முன்னால் இருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா அத்த. இன்னா இவ்ளோ தூரம்? இப்டி நெழல்ல ஒக்காரு."

உட்கார்ந்தேன். கை சும்மா இருந்தால் பேச்சு வராது என்று நானும் ஒரு பிடி செடியை எடுத்து ஆயத் தொடங்கினேன். செடியைப் பார்த்துக்கொண்டே, முதலிலிருந்து சொன்னேன். முட்டி வலி என்று சொன்னது பொய் என்று சொன்னேன். நோட்டில் இருந்த இரண்டு வரியைச் சொன்னேன்.

அவள் கை நின்றுவிட்டது. எழுந்து போய்க் கழனி மறுகோடியில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஆய்ந்துகொண்டே இருந்தேன். என் பிடி முடிந்து அவளுடைய குவியலையும் ஆய்ந்தேன். நகத்தில் மண் ஏறி ரத்தம் கசிந்தது. வெயில் சாய்கிற வரைக்கும் அவள் திரும்பவில்லை. அடிப்பாளோ, போ என்பாளோ, எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று இருந்தேன்.

பெண்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவள் வந்தாள். குவியல் இருந்த இடத்தைப் பார்த்தாள். எதிரில் குந்தினாள்.

"அந்த ரெண்டு நாளும் தெரு முக்கு வரைக்கும் ஓடியாந்தா," என்றாள்.

"ஆமாம்மா."

"மூணாம் நாளு ஓடியாரல. படியிலியே குந்திங்கினு கைய ஆட்டினா. நான் பாத்தேன் அத்த. பாத்துட்டு, இன்னிக்கி இன்னாடி சோம்பேறித்தனம்னு திட்டினேன்."

தூரத்தில் தேசூர்ப் பக்கமிருந்து வந்த பஸ் ஆரன் அடித்தது. செஞ்சிக்கு அதுதான் கடைசி பஸ். நான் எழுந்திருக்கவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.